தேவாங்கு இரண்டு, முள் மூன்று வண்டி

கொழும்பிலிருந்து நான் இந்தியாவுக்குக் கொண்டுபோன சாமான்கள் மூன்று: ஒரு தகரப் பெட்டி, ஒரு குடை, மூடி போட்ட பனையோலைக் கூடைக்குள் இரண்டு தேவாங்குகள். முதல் இரண்டுக்கும் எவரும் கடிதம் கேட்கவில்லை. மூன்றாவதற்காக என்னிடம் பதினொரு கடிதங்கள் இருந்தன.

அறுபதுகளின் தொடக்கம் அது. காட்டுயிர்களைக் காக்கும் திணைக்களம் ஒன்றில் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். கப்பலில் வந்த பயணி ஒருவரின் மரப்பெட்டிக்குள் எட்டுத் தேவாங்குகள் இருப்பதைக் கண்டுபிடித்து அவற்றை எங்களிடம் ஒப்படைத்திருந்தார்கள். திண்டுக்கல்லை அடுத்த வடமதுரைப் பக்கத்துக் காட்டில் பிடித்தவை என்று அந்த மனிதர் ஒப்புக்கொண்டார். எங்கள் சட்டம் எங்கள் நாட்டுத் தேவாங்குகளைக் காக்கும். இவையோ இந்தியத் தேவாங்குகள். ஆகவே அவற்றின் குடியுரிமை பற்றிக் கோப்பு ஒன்று திறக்கப்பட்டது. அந்த விஷயத்தில் எங்கள் நாட்டுக்கு அந்நாளில் நல்ல பழக்கம் இருந்தது.

கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்தது. ஒரு தடவை அதைத் திருப்பி அனுப்பியவள் நான்தான். இரண்டாம் பக்கத்தில் ஒரு கையொப்பம் விடுபட்டிருந்தது. கையொப்பத்தோடு அது திரும்பி வந்தபோது தேவாங்குகளில் ஆறு இறந்துபோயிருந்தன. எஞ்சிய இரண்டையும் அவை பிறந்த காட்டிலேயே விட்டு வருவதென்றும், தமிழ் தெரிந்த ஒருவர் கொண்டுபோய் அங்குள்ள வன அதிகாரியிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கி வரவேண்டும் என்றும் முடிவாயிற்று. யார் போவது என்று கேட்டார்கள். நான் கையை உயர்த்தினேன். காரணத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியாது.

திண்டுக்கல்லில் இறங்கியதும் முதலில் என்னை எதிர்கொண்டது புகையிலை வாசனை. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு அது பிறந்தகத்து வாசனை. கண்ணை மூடிக்கொண்டால் நான் எங்கள் ஊர்ப் புகையிலைக் குடிலின் வாசலில் நிற்கிறேன்; திறந்தால் எதிரே ஒரு பெரும்பாறை யானையைப் போலப் படுத்திருக்கிறது. நான் தங்கிய மாதர் விடுதியில் பரிமாறிய அம்மாள், "வெஞ்சனம் இன்னுங் கொஞ்சம் வைக்கவா?" என்று கேட்டார். எது வெஞ்சனம் என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும் "ஓம்" என்று தலையாட்டினேன். இலையில் கத்தரிக்காய் மலைபோலக் குவிந்தது. எங்களூரில் கறி என்கிறோம், இவர்கள் வெஞ்சனம் என்கிறார்கள். மிளகாயின் காரத்தில் மட்டும் இரு நாடுகளுக்குமிடையே எவ்விதக் கருத்து வேறுபாடும் இல்லை.

மறுநாள் காலையில் வடமதுரை பஸ்ஸில் ஏறினேன். நடத்துநர் கூடையைச் சுட்டி, "என்னம்மா அதுல?" என்றார்.

"தேவாங்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒட்டி உலர்ந்தவரைத் தேவாங்கு என்று வைவது அந்த ஊர் வழக்கம். அவரோ ஒல்லியான மனிதர். மூடியைச் சற்றே விலக்கிக் காட்டியதும்தான் முகம் தெளிந்தது. "கோழின்னா டிக்கெட்டு உண்டு. ஆடுன்னா மேல ஏத்தணும். இதுக்கு எங்க பொஸ்தகத்துல ஒண்ணும் போடல. மடியில வச்சுக்கங்க, புள்ள மாதிரி."

பக்கத்தில் வெறும் பூக்கூடைகளை அடுக்கி வைத்துக்கொண்டு நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இருந்தாள். காலைச் சந்தையில் பூவைப் போட்டுவிட்டு ஊர் திரும்புகிறவள். பெயர் குருவம்மா. செங்கரடு என்ற குன்றின் அடிவாரத்தில் அரை ஏக்கர் சம்பங்கித் தோட்டம் வைத்திருந்தாள். நான் பேசிய இரண்டு வாக்கியத்திலேயே, "என்ன தாயி, மலையாளமா?" என்றாள்.

"இல்லை. யாழ்ப்பாணம்."

"அதுக்கு எந்த பஸ்ஸு?"

கப்பல் என்றேன். வந்த காரியத்தையும் சொன்னேன். அவள் கூடையை மோவாயால் காட்டினாள். "இதுக நாட்டவிட்டு ஓடிப்போனதா, புடிச்சிட்டுப் போனதா?"

"பிடிச்சுக்கொண்டு போனது."

"அப்பச் சரி. ஓடிப்போனதுன்னா எங்க ஊருல திருப்பிச் சேத்துக்கிட மாட்டாக."

வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். அவளுடைய பகை முழுவதும் காட்டுப்பன்றியோடு. சம்பங்கிக் கிழங்கு என்றால் பன்றிக்கு உயிர். வேலி அடைக்க முள் வேண்டும்; முள் காட்டில் இருக்கிறது; வெட்டினால் குற்றம். "என் கொல்லையில நிக்கிற வரைக்கும் அது என் பன்னி. ஓடைய தாண்டிட்டா சர்க்காரு பன்னி. அதுக்கு ஒரு ஆபீசு இருக்கு, ரேஞ்சரு இருக்காரு, ஜீப்பு இருக்கு. எனக்கு என்ன தாயி இருக்கு?" திருட்டுத்தனமாக வெட்டியவர்களிடம் பறித்த முள் மூன்று வண்டி அந்த ஆபீசிலேயே கிடக்கிறதாம், ஏலத்துக்கு வந்தால் எப்படியும் எடுத்துவிட வேண்டும் என்று காத்திருக்கிறாள்.

அந்த அலுவலகம் புளியமரங்களுக்கு நடுவே ஓர் ஓட்டுக் கட்டடம். அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதில் இருந்தவர்கள் நல்லவர்கள். எழுத்தர் ஆரோக்கியசாமி என் பதினொரு கடிதங்களையும் எழுந்து நின்றபடியே படித்தார். அரசாங்க முத்திரை உள்ள எதையும் அவர் உட்கார்ந்து படிப்பதில்லை. படித்து முடித்ததும் மேசைமீதிருந்த பெரிய பதிவேட்டைத் திறந்து அதன் தலைப்புகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். மரம், விறகு, தோல், கொம்பு, தந்தம்.

"செத்ததுக்கெல்லாம் எடம் இருக்கும்மா. உசுரோட ஒண்ண எப்படிப் பதியிறதுன்னுதான் தெரியல."

"வழக்குச் சொத்தாகப் பதியலாம்தானே?"

அவர் மூலையிலிருந்த மான்கொம்பைக் காட்டினார். "அது வழக்குச் சொத்து. நாலு வருசமா வாய்தா ஓடுது."

"கொம்புக்குப் பசிக்காது," என்றேன்.

ஆரோக்கியசாமி கூடைக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டும் ஒன்றையொன்று அணைத்தபடி ஒரே பந்தாக உறங்கிக்கொண்டிருந்தன. அந்தப் பந்து புறப்பட்ட நாளில் இருந்ததைவிடச் சிறுத்திருந்தது எனக்குத் தெரியும். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சீத்தாப்பழத்துக்கும் நெல்லிக்காய்க்கும் கீழே அழகிய கையெழுத்தில் எழுதினார்: "தேவாங்கு, உருப்படி இரண்டு." தலைப்பு: கெட்டுப்போகக்கூடிய வன விளைபொருள்.

"இதுல போட்டா கோர்ட்டு கீர்ட்டு கெடையாது. ரேஞ்சரு ஒரு கையெழுத்துப் போட்டா காட்டுல விட்டுரலாம். அம்புட்டுத்தான்."

அவர் என்மீதும் அவற்றின்மீதும் கொண்ட இரக்கத்தால் செய்த காரியம் அது. பற்றுச்சீட்டும் கொடுத்தார். கூடை, புளிமூட்டைகள் கிடந்த அறைக்குப் போயிற்று. காவலர் மூக்கையாவிடம் வெட்டுக்கிளி பிடித்துப் போடும் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். தலைமயிர் நரைத்த அந்த மனிதர் காக்கிக் கால்சட்டையோடு புல்லில் மண்டியிட்டு, "சந்தனக் கட்டைத் திருடனப் புடிச்சிருக்கேன். சிறுத்தையக்கூட வெரட்டியிருக்கேன். இது ஒண்ணுதான் கையில சிக்க மாட்டேங்குது," என்று சலித்துக்கொண்டார். அப்படியும் மாலைக்குள் ஏழு பிடித்துவிட்டார்.

அடுத்த நாள் நான் கோட்டைப் பாறையில் ஏறிப் பார்ப்பதாக இருந்தேன். விடுதி வாசலில் ஆரோக்கியசாமி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை.

"அம்மா, தப்பு நடந்துபோச்சு. கெட்டுப்போற பொருள மூணு நாளுக்குள்ள ஏலம் விட்டாகணும்னு விதி. எனக்குத் தெரியாதா? தெரியும். நெல்லிக்காய்க்குன்னா தெரியும். இதுக்கும் அதுதான்னு தோணல பாருங்க."

"அந்த வரியை வெட்டிவிடுங்கோவன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அவரிடம் கொலை செய்யச் சொன்னதுபோல் இருந்தது. பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் ரேஞ்சர் ஒப்பமிட வேண்டும். ரேஞ்சரோ வன உயிர் வாரத்தை முன்னிட்டுப் பள்ளிக்கூடந்தோறும் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருக்கிறார். ஏலம் நாளைக் காலை பத்து மணி. பட்டியல் கதவில் ஒட்டியாயிற்று; ஐந்து ஊரில் தமுக்கும் அடித்தாயிற்று. இன்றைக்கு ரேஞ்சர் வத்தலக்குண்டில் பேசுகிறார்.

இந்தத் தேவாங்குகளுக்குக் கையொப்பம் ஒன்று குறைவது இது இரண்டாந்தடவை; இந்தத் தடவை அதைத் தேடி நானே புறப்பட்டேன். பாதி வழியில் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. நீராவி குதித்தது. பயணிகள் எவரும் பதறவில்லை. பஸ் நிற்பதையும் பயணத்தில் ஒரு பகுதியாகக் கருதி இறங்கிப் புளியமர நிழலில் அமர்ந்தார்கள். நீர் கொண்டுவர ஒருவர் கிணற்றுக்குப் போனார். அங்கே மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்ததால், இறைப்பு முடியட்டும் என்று அவரும் உட்கார்ந்துவிட்டார். "செத்த நேரம் பொறுங்கம்மா, மாடு தண்ணி இறைக்குது," என்றார் ஓட்டுநர். எங்கள் நாட்டில் பஸ் நின்றால் எல்லோரும் ஓட்டுநரைத் திட்டுவோம். பஸ் அதனால் விரைவாகப் புறப்பட்டதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வத்தலக்குண்டுப் பள்ளிக்கூடத்தில் நான் நுழைந்தபோது தோரணங்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ரேஞ்சர் ஜீப்பில் மலைக்கு ஏறி ஒருமணி நேரம் ஆகியிருந்தது. தலைமையாசிரியர் இன்னமும் உரையின் மயக்கத்தில் இருந்தார். "அருமையான பேச்சு அம்மா. சின்னஞ்சிறு உயிரையும் காப்பது நம் கடமைன்னு முடிச்சாரு. தேவாங்கப் பத்திக்கூடச் சொன்னாரு."

தந்தி கொடுத்தேன். அது மலைமேல் அவர் இருக்கும் பங்களாவைத் தேடிப் போய்ச் சேர மறுநாள் மாலை ஆகும் என்றார்கள்.

பஸ் நிலையத்தில் ஒரு சிறுமலை வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு நின்றேன். குட்டையான, சற்றுப் புளிப்போடிய, மறக்கவொண்ணாத பழம். என் பக்கத்தில் ஒரு தைல வைத்தியர் கடை விரித்திருந்தார். புட்டிகள், வேர்கள், காய்ந்த உடும்பு ஒன்று. கனிவான குரல் அவருக்கு. "அம்மா முகம் வாடியிருக்கே, வெளியூரா?" என்று விசாரித்தார். ஒரு நாள் முழுவதும் வீணாகிப்போன மனம் எதையாவது பற்றிக்கொண்டு பேசத்தான் விரும்பும். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தேவாங்கு, பதிவேடு, நாளைப் பத்து மணி, இடம். அவர் நடுநடுவே "அடடா" போட்டுக் கேட்டார். கேட்டு முடித்து, "தேவாங்குக் கண்ணுல மை கூட்டுனா நூறு மருந்துக்குச் சமானம். உசுரோட இருக்கையில எடுக்கணும்," என்றார், வெண்டைக்காய் வாங்கும் பக்குவத்தைச் சொல்கிறவர்போல.

கையிலிருந்த பாதிப் பழத்தை என்னால் அதன்பின் உண்ண முடியவில்லை.

ஏலத்தன்று புளியமரத்தடியில் முப்பது பேராவது கூடியிருந்தார்கள். வைத்தியர் முன்வரிசையில் துண்டை விரித்து அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் அன்போடு கும்பிட்டார். நானே ஏலம் கேட்கிறேன் என்று ஆரோக்கியசாமியிடம் சொன்னேன். அவர் விதிப்புத்தகத்தை ஏற்கெனவே மூன்றுதரம் புரட்டியிருந்தார். அயல்நாட்டுப் பிரஜை ஏலத்தில் நிற்க முடியாது; தன் பணத்தைக் கொடுத்து வேறொருவரை நிற்க வைக்கவும் கூடாது. அரசாங்க ஊழியரும் நிற்க முடியாது. ஆகவே அவரும் மூக்கையாவும்கூடக் கேட்க முடியாது. "நேத்து ராத்திரி பூரா செபமாலை சொன்னேம்மா," என்றார் தாழ்ந்த குரலில். "மாதாவும் ஏலத்துல நிக்க முடியாதுபோல."

குருவம்மா வந்திருந்தாள், முள்ளுக்காக. அவளிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"கண்ணத் தோண்டியா எடுப்பான்?" என்றாள்.

"ஓம்."

"உசுரோடயா?"

"ஓம்."

அவள் முற்றத்தில் அடுக்கியிருந்த முள்ளை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

கெட்டுப்போகும் பொருள்கள் முதலில் வந்தன. சீத்தாப்பழக் கூடை போயிற்று, நெல்லிக்காய் போயிற்று. மூக்கையா என் கூடையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். "தேவாங்கு ரெண்டு உருப்படி. கேக்குறவுக கேக்கலாம்."

கூட்டம் சிரித்தது. "ஏலே, உன் மச்சானுக்குப் பொண்ணு தேடுறியே, ஜோடியா வந்திருக்கு பாரு," என்றார் ஒருவர். "அவனுக்கு இது அழகு சாஸ்தி அப்பு," என்று பதில் வந்தது.

"பத்து ரூவா," என்றார் வைத்தியர்.

சிரிப்பு அடங்கியது. வேறு யாரும் வாய் திறக்கவில்லை. தேவாங்கை வைத்துக்கொண்டு உழுது பிழைக்கும் சம்சாரி என்ன செய்வான்?

"பத்து ரூவா. ஒரு தரம்," என்றார் மூக்கையா. பிறகு அவருக்கு இருமல் வந்தது. நெடுநேரம் இருமினார். பானைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "பத்து ரூவா... ரெண்டு தரம்." இப்போது அவருடைய காலணியின் வார் அவிழ்ந்திருந்தது, குனிந்து கட்டத் தொடங்கினார். ஒரு வாரை அவ்வளவு நேரம் கட்டியவரை நான் அதற்குமுன்னும் பின்னும் கண்டதில்லை. அரசாங்கத்தின் சார்பில் அவரால் தரமுடிந்த அவகாசம் முழுவதையும் தந்துவிட்டு, வேறு வழியின்றி நிமிர்ந்தார்.

"கன்னிமாருக்கு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "ஒண்ணேகா ரூவா."

குருவம்மாதான். கூட்டத்தில் தலைப்பாகை கட்டியிருந்த ஆண்கள் ஒவ்வொருவராக அவிழ்த்தார்கள். பக்கத்தில் நின்றவர் எனக்கு விளக்கினார். செங்கரட்டுக் கன்னிமார் கோயிலில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவார்கள். அதில் ஒரு பொருளைக் கன்னிமாருக்கு என்று எவரேனும் கேட்டுவிட்டால் விலை ஒன்றேகால் ரூபாய்தான். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

"இது கோயில் ஏலமில்ல, கவர்மெண்டு ஏலம்," என்று வைத்தியர் எழுந்தார். "நான் பத்து கேட்டிருக்கேன்."

"கேட்டாச்சுல்ல, எடுத்துட்டுப் போங்க வைத்தியரே," என்றார் மச்சானைக் கேலி செய்தவர், மிகுந்த மரியாதையோடு. "அஞ்சு ஊருலயும் அப்புறம் உங்க தைலத்த யாரு வாங்குறாகன்னு பாப்போம்."

வைத்தியர் ஐந்து ஊரையும் மனத்துக்குள் ஒருதரம் சுற்றி வந்திருக்க வேண்டும். கனிவான குரலிலேயே, "சாமி காரியம்னா நான் நடுவுல நிப்பனா? வாபஸ்," என்றார். மூக்கையா மூன்றாம் தரத்தை முதலிரண்டையும்விட வெகு விரைவாகச் சொல்லி முடித்தார்.

ஆரோக்கியசாமி பேனாவை நனைத்தார். "வாங்குறவுக பேரு?"

"கன்னிமாரு."

"தகப்பனார் பேரு?"

கூட்டம் யோசனையில் ஆழ்ந்தது. "அவுக ஏழு பேரு. தகப்பன் யாருன்னு பூசாரியத்தான் கேக்கணும்," என்றாள் குருவம்மா.

"நான் வேதக்காரன், எனக்கு இந்த உறவுமுறை தெரியாதுக்கா," என்று அவர் தவித்தார். கடைசியில், "கன்னிமார், ஏழு நபர். பொறுப்பு: குருவம்மா, செங்கரடு" என்று எழுதி, மையொற்றுத்தாளால் ஒற்றி எடுத்தார். ஓர் அரசாங்கம் தேவாங்குகளைத் தேவதைகளுக்கு விற்றதற்கான ஆவணம் உலகில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

நான் மகிழ்ச்சியில் கூடையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அதனால் அடுத்து வந்த விறகையும் புளியையும் கவனிக்கவில்லை. "முள்ளு மூணு வண்டி," என்று மூக்கையா கூவியபோதுதான் நிமிர்ந்தேன். குருவம்மா கூட்டத்தில் இல்லை. அப்பால் ஒரு மரத்தடியில், ஏலத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தாள். ஓடிப்போனேன்.

"அக்கா, முள் வந்திட்டுது. கேளுங்கோ."

"இன்னிக்கி நான் கேக்கக் கூடாது தாயி."

"ஏன்?"

"சாமிக்குன்னு கேட்ட வாயால அன்னைக்கே வீட்டுக்குன்னு கேக்கக் கூடாது. அது மொற."

பின்னால் முள்ளுக்கு விலை ஏறிக்கொண்டிருந்தது. அய்யலூர்ப் பக்கத்து வாழைத்தோட்டக்காரர் ஒருவருக்கு அது முடிந்தது. நான் அவளெதிரே நின்றுகொண்டேயிருந்தேன்.

"எனக்குத் தெரியாமல் போச்சுது. தெரிஞ்சிருந்தால்..."

"தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்ப? ஒன்னத்தான் நிக்கக் கூடாதுங்குறாகளே." வெற்றிலையை வாயில் திணித்துக்கொண்டாள். "தை மாசம் திரும்ப ஏலம் வரும். வெளக்கு போடு முன்ன கரட்டுக்குப் போயிரணும், எந்திரி."

கன்னிமார் காடு செங்கரட்டின் அடியில் இரண்டு வயல் அகலமே இருக்கும். உசிலையும் கிளுவையும் கொடிகளும் பின்னிக் கிடந்தன. எங்கள் நாட்டில் பெருங்காடு ஒன்றை வேலியிட்டு, வாயில் வைத்து, எதைச் செய்யலாகாது என்று மூன்று மொழிகளில் பலகை நட்டிருக்கிறோம்; அப்பலகையின் தமிழ் என்னுடையது. பலகை நட்ட மாதமே அதற்கு முட்டுக்கொடுத்த கட்டையை யாரோ விறகுக்குக் கழற்றிக்கொண்டு போனார்கள். இங்கே பலகை இல்லை. ஒரு சுள்ளிகூட ஒடிபட்டிருக்கவில்லை. செருப்பை வெளியே கழற்றச் சொன்னாள் குருவம்மா.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது கூடையைத் திறந்தேன். பந்து மெல்ல அவிழ்ந்தது. வட்டக் கண்கள் இரண்டு சோடி. பெரியது தாழ்ந்த கிளையைப் பிடித்து, ஒரு கையை வைத்து, யோசித்து, மறுகையை வைத்து, மூத்த அதிகாரி மாடிப்படி ஏறுவதைப் போன்ற நிதானத்தில் ஏறிற்று. சிறியது என் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தது. அதன் பிடிக்கு எடையே இல்லை. நான் அசையவில்லை. பிறகு அது விரலை விட்டுவிட்டு இலைகளுக்குள் போயிற்று.

ஊர் திரும்பும் பஸ் போய்விட்டிருந்ததால் அன்று குருவம்மாவின் வீட்டில் தங்கினேன். கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். பொழுதுக்கும் நடந்த அலுப்பில் இருவருமே அடித்துப் போட்டாற்போல் உறங்கிவிட்டோம்.

விடிந்ததும் தோட்டத்துக்குப் போனோம். சம்பங்கிப் பாத்திகளில் இரண்டு உழுதாற்போல் புரண்டு கிடந்தன. கிழங்குகள் கடித்தும் மிதித்தும் சிதறியிருந்தன. பூத்த தண்டுகள் மண்ணில் சாய்ந்திருந்தன. குருவம்மா இடுப்பில் கைவைத்து ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு, நல்ல கிழங்குகளைப் பொறுக்கத் தொடங்கினாள். நானும் குனிந்தேன்.

ஆரோக்கியசாமி சைக்கிளில் வந்தார். தேவாங்குகள் உயிரோடு விடப்பட்டதற்குச் சான்றிதழ் ஒன்றை எனக்காக முத்திரையிட்டுக் கொண்டுவந்திருந்தார். பாத்தியைக் கண்டதும் அதை என்னிடம் நீட்டவும் மறந்து நின்றார்.

"பன்னிச் சேதம்னு ஒரு மனு குடுங்கக்கா. நானே மேல அனுப்புறேன்."

"மேலன்னா?"

"மதுரைக்கு. அங்கிருந்து மெட்ராசுக்கு."

"அதுக்குள்ள இந்தப் பன்னி பேரன் பேத்தி எடுத்துரும் தம்பி."

ஆனாலும் அவர் பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்தார். நான் வாங்கிக்கொண்டு வரப்பில் அமர்ந்தேன். மனு எழுதுவது நான் அறிந்த தொழில். இரு நாட்டு அதிகாரிகளின் மனமும் கரையக்கூடிய நடையில், சேதத்தின் விவரம், விண்ணப்பதாரரின் நற்பண்பு, அரசின் பொறுப்பு என்று எழுதிக்கொண்டு போய், மேற்படி விலங்கைச் சுட்டுக்கொல்ல ஆவன செய்யுமாறு என்னும் இடத்துக்கு வந்தேன். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினேன்.

குருவம்மா பொறுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"சுடச் சொல்லி எழுதிராத தாயி. அதுக்கு வேற வழி தெரியல, வருது. முள்ளு மட்டும் கேளு. மூணு வண்டி."

அந்த வரியை அடித்தேன். அடித்தலுக்கு அருகில் ஒப்பம் வேண்டும் என்று ஆரோக்கியசாமி இந்தத் தடவை சொல்லவில்லை. முள், மூன்று வண்டி என்று எழுதிக் கீழே இடம் விட்டுக் கொடுத்தேன். அவர் மைப்பெட்டியைத் தேடிப் பையைத் துழாவினார். அதற்குள் குருவம்மா கட்டைவிரலைத் தாளில் அழுத்திவிட்டாள். செம்மண்ணில் ரேகை ஒன்று விடாமல் பதிந்திருந்தது.